தண்ணீர் திரும்பி வர ஒரு சொல்

ஒரே ஒரு வினைச்சொல்லுக்காகப் படகேறிய மொழிபெயர்ப்பாளர் இந்த உலகத்திலேயே எங்கள் குழாயக்கா ஒருவர்தான்.

ஹவுராவில் பம்ப் செய்கிற பட்டறைகளின் கையேடுகளை ஸ்பானிஷில் மாற்றித் தரும் சின்ன அலுவலகம் எங்களுடையது. அர்ஜென்டினா கால்பந்துப் பைத்தியத்தில் ஸ்பானிஷ் படித்துவிட்டு அங்கே தற்காலிகமாகச் சேர்ந்தவள் நான். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவர். தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார். சொட்டினால் 'கோத்தெயார்', கொட்டினால் 'சொர்ரெயார்' என்று குழாயைத் திறந்து திறந்து பார்த்ததில் மாடித் தொட்டி காலியாகி, கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா சோப்பு நுரையோடு குரல் கொடுத்த நாளில் கிடைத்த பெயர்தான் குழாயக்கா. மழையில் தெருவே முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது நாங்கள் வீட்டுக்குப் பறப்போம். அக்கா மிதந்து போகும் ஒற்றைச் செருப்பின் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடப்பார். "நிக்குதுன்னு நெனச்சேன். இல்லடி, ஓடுது."

தனியாக ஒரு கையேடு முடித்தால்தான் என் வேலை நிரந்தரம். அந்த நாளும் வந்தது. "பாஞ்ச்டா மானே பாஞ்ச்டா," ஐந்து மணி என்றால் ஐந்து மணி, என்றார் எங்கள் வங்காளி முதலாளி. மூன்றரைக்கே முடித்துவிட்டேன். அதில் ஒரு வரி: பம்ப்பை நிறுத்தினால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பி வரும், வால்வை மூடவும். 'திரும்பி வரும்' என்பதற்கு 'ரெத்ரோசெதேர்' என்று போட்டிருந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "பட்டாளம் பின்வாங்கற மாதிரில்ல இருக்கு. தண்ணி என்ன சண்டையில தோத்தா போச்சு?"

"விவசாயிக்குப் புரியும், விட்டுடுங்கக்கா."

"பாத்துட்டு வந்துடலாம், வா. பத்தே நிமிஷம்."

இழுத்துக்கொண்டு போய் ஃபெர்ரியில் ஏற்றினார். கடல் ஏற்றத்தில் ஹூக்ளி ஆறு கடலுக்குப் போகாமல் வந்த வழியே வடக்கே போய்க்கொண்டிருந்தது. காலையில் கடலுக்குக் கிளம்பிய ஆகாயத்தாமரைக் கொத்துகள் சாவகாசமாகத் திரும்பி வந்தன. கயிறு பிடித்து நின்ற படகுக்காரரிடம் அக்கா கேட்டார்: "தாதா, ஜல் கீ கோர்ச்சே?" தண்ணீர் என்ன செய்கிறதாம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஃபிர்ச்சே," திரும்புகிறது, என்றார். சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களுக்கும் அங்கே அதே சொல்தான்.

"கேட்டியா? ஆத்துக்காரங்களே சொல்லிட்டாங்க. 'ரெக்ரெசார்' போடு."

சொல் வரியில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. படகுதான் கரையில் உட்காரவில்லை. துறையில் வேறொரு படகு பழுதாகி நிற்க, நாங்கள் நடு ஆற்றில் முக்கால் மணி நேரம் வட்டமடித்தோம். கையேடோ அலுவலகக் கணினியில். என் கண் நிறைந்துவிட்டது. அக்கா வேர்க்கடலை உரித்து நீட்டினார்.

"அழாதடி. அப்புறம் அதுக்கு வேற ஒரு வினைச்சொல் பாக்கணும்."

கையேட்டை அனுப்பும்போது மணி ஐந்து இருபது. முதலாளி ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை என் முன் தள்ளினார். அதைப் பார்த்துத்தான் என் வேலையை முடிவு செய்வார். அக்கா அதைப் பிடுங்கி, மளமளவென்று நிரப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது, கூடவே அந்தப் படிவத்தின் நகலும். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் அக்காவின் பெயர். சொல் தேர்வு என்ற இடத்தில் என் பெயர் மட்டும்.