வீடு பார்க்க வந்தவர்கள்

நாரந்தனை,
ஞாயிற்றுக்கிழமை.

கனடாவில் குடும்பத்தோடும் குளிரோடும் சுகமாக இருக்கும் என் அன்புக்குரிய மச்சான் குகதாசனுக்கு, உமது அக்கா பரிமளத்தின் கணவன் வல்லிபுரம் எழுதிக்கொள்வது. நாங்கள் இவ்விடம் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். வைபரில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனில் பேசினால் உமது அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் திருத்துவா. இது திருத்தம் இல்லாமல் ஒருவருக்காவது போய்ச் சேர வேண்டும்.

எங்கள் நிலைமை உமக்குத் தெரியும். நான் கட்டிய வீட்டை மூத்தவள் பவதாரணிக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. இப்போது நானும் உமது அக்காவும் இளையவள் வினோஜாவும் அதே வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறோம். மருமகன் தங்கமான பிள்ளை, ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. வினோஜா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், குணமான பிள்ளை, வருகிற சம்பந்தமெல்லாம் “வீடு எங்கை?” என்ற கேள்வியோடு திரும்பிப் போகிறது. பக்கத்து வளவு வீட்டை அதன் சொந்தக்காரர் பிரான்சிலிருந்து விற்கப் போகிறார். அதை வாங்கினால் பிள்ளையின் காரியம் ஒப்பேறும், வாங்காவிட்டால் வேறு ஆராவது வாங்கிவிடுவார்கள். எனக்கு இரவில் நித்திரை இல்லை, மச்சான்.

இந்த நேரத்தில்தான் கிராமங்களில் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் பொறுப்பு நின்று வங்கியில் கடன் எடுத்துத் தருகிறது என்று கேள்விப்பட்டு, நான் வேலை செய்கிற சங்கக் கடையில் லீவு போட்டுவிட்டுப் போய் விண்ணப்பித்தேன். கடன் கேட்கிறவருக்குச் சொந்த வீடு இருக்கக்கூடாது. அதிகாரி ஒருவர் இந்தக் கிழமைக்குள் நேரில் வந்து பார்ப்பார். பார்த்து, பாவம் என்று நினைத்தால் கடன் கிடைக்கும். அதே கிழமைதான் புளியங்கூடலில் இருந்து கீர்த்திகன் என்ற பெடியனின் தகப்பனும் எங்களைப் பார்க்க வருவதாகத் தரகர் சொன்னார். அவர் பார்த்து, வசதி என்று நினைத்தால் கலியாணம். ஒருவருக்கு இல்லாததைக் காட்ட வேண்டும், மற்றவருக்கு இருப்பதாகக் காட்ட வேண்டும். வீடு ஒன்றுதான். தரகர் போகும்போது ஒரு புத்திமதியும் சொன்னார்: “தாங்கள் ஆர் எண்டு சொல்லாமல்தான் வருவினம். நீங்களும் கேக்கக்கூடாது, அது மரியாதையில்லை. தகப்பன் நல்ல சைவக்காரன், பாத்த உடனை விளங்கும்.”

வெள்ளிக்கிழமை காலை ஓட்டோ ஒன்று படலையடியில் நின்றது. பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கூடவே மனுசி, கையில் நயினாதீவு அம்மன் கோயில் அர்ச்சனைத் தட்டு. “வீட்டை ஒருக்காப் பாக்கலாமோ?” என்று அவர் கேட்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மச்சான், எனக்கு எல்லாம் விளங்குகிற நாட்களில்தான் எனக்கு அழிவு வருகிறது. அயல் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய செற்றியில் அவர்களை இருத்தினேன். பரிமளம் பயற்றம் பணியாரமும் தேத்தண்ணியும் கொண்டுவந்தா.

“இது ஆரின்ரை வீடு?” என்று அவர் கேட்டார்.

“நான் கட்டினது ஐயா. மூத்தவளின்ரை பேரிலை கிடக்கு, ஆனா எங்கடை கையிலைதான்.”

“வேறை வீடும் இருக்கோ?”

“பக்கத்து வளவும் எங்கடை மாதிரித்தான். அது இளையவளுக்கு. வயலும் பனங்காணியும் வேறை. கனடாவிலை மச்சான் ஒருத்தர், கேக்க முதலே அனுப்பிப் போடுவார்.”

“கடன் ஏதும் தேவைப்படுதோ?”

நான் சிரித்தேன். “எங்கடை பரம்பரையிலை கடன் எண்ட சொல்லே இல்லை ஐயா.”

அவர் மனுசியைப் பார்த்தார், மனுசி வினோஜாவைப் பார்த்தா. வினோஜா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. “யோசிச்சுச் சொல்லுறம்” என்று எழும்பினார்கள். நான் ஓட்டோ வரை போய் ஒரு பொதி பணியாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் தனியே வந்தார். நீளக் காற்சட்டை, நெற்றியில் ஒன்றுமில்லை, கக்கத்தில் ஒரு தோல் பை. இருந்த உடனேயே “வீட்டு உறுதி ஆரின்ரை பேரிலை?” என்றார். அரசாங்க ஆளைத் தவிர வேறு ஆர் தண்ணீர் குடிக்க முன்னம் உறுதி கேட்பான்? நான் உள்ளே ஓடிப்போய்ப் போட்டிருந்த சேட்டைக் கழற்றி, கிழிந்த சாறத்தைக் கட்டிக்கொண்டு வந்தேன். உமது அக்காவையும் காப்புகளைக் கழற்றச் சொன்னேன். கழற்றாமல் குசினிக்குள்ளேயே நின்றுவிட்டா.

“இருக்க ஒரு கூரை இல்லை ஐயா,” என்று தொடங்கினேன். “இது மருமகன்ரை வீடு. நாங்கள் ஒரு அறைக்குள்ளை கிடக்கிறம். நீங்கள் இருக்கிற செற்றி கூட இரவல்.”

அவர் செற்றியிலிருந்து கொஞ்சம் முன்னுக்கு வந்து இருந்தார். “கனடாவிலை ஆரோ இருக்கினம் எண்டு கேள்விப்பட்டன்?”

“பேருக்கு ஒரு மச்சான் இருக்கிறான். ஒரு சதம் அனுப்பமாட்டான்.”

மன்னித்துக்கொள்ளும், மச்சான். உமது மருமகள் வினோஜாவின் நன்மைக்காகத்தான் சொன்னேன். காலையில் உம்மைப் புகழ்ந்ததோடு இதைக் கழித்துக்கொள்ளும்.

“அப்ப பிள்ளைக்கு என்ன குடுக்கப் போறியள்?” என்று அவர் கேட்டார். வங்கிக்காரர் எல்லாவற்றையும் துருவுவார்கள்தானே என்று நினைத்து, கண்ணில் தண்ணீர் வர, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்: “குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை ஐயா. நீங்கள் தந்தால்தான் உண்டு.”

“நாங்கள் தாறதோ?” என்று அவர் எழும்பினார். தேத்தண்ணியைத் தொடவில்லை. ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு படலையடியில் நின்று, “கீர்த்திகனுக்கு நாங்கள் வேறை இடம் பாக்கிறம். தரகரிட்டைச் சொல்லிவிடுங்கோ” என்றார். அந்த இடத்தில் நிலம் பிளக்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகு விசாரித்துத்தான் அறிந்தேன்: காலையில் அர்ச்சனைத் தட்டோடு வந்தவர் கனகசபை, கடன் அதிகாரி. லீவு நாளில் குடும்பத்தோடு நயினாதீவுக்குப் போனவர், வரும் வழியில் எங்கள் அலுவலையும் முடிப்போம் என்று இறங்கியிருக்கிறார். நல்ல மனிதர். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் எங்களுக்குக் கடன் வேண்டாம் என்று பணியாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அன்றிலிருந்து பரிமளம் என்னோடு கதைப்பதில்லை. வினோஜா கதைக்கிறாள், அதுதான் கூடக் கஷ்டமாக இருக்கிறது. “பரவாயில்லை அப்பா” என்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு வீடும் கொடுக்கவில்லை, வந்த மாப்பிள்ளையையும் துரத்திவிட்டேன். ஒரு தகப்பன் ஒரே நாளில் இதைவிடக் கூடுதலாக என்ன கெடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மச்சான், நீர் உடனே புளியங்கூடலுக்குப் போன் எடுத்து நாங்கள் பெரிய வசதிக்காரர் என்றும், வங்கிக்கு எழுதி நாங்கள் ஒன்றுமில்லாதவர் என்றும் தயவுசெய்து சொல்ல வேண்டும். இலக்கங்கள் மறுபக்கத்தில். மாற்றிவிடாதையும்.

நயினாதீவு அம்மாள் உமக்கும் உமது மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளையும், என்னைப் போலப் புத்தி வராத பாக்கியத்தையும் தரட்டும்.

உமது மச்சான்,
வல்லிபுரம்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை. கடிதத்தை ஒட்ட முன்னம் கனகசபை போன் எடுத்தார். கடனுக்கு நாங்கள் தகுதியில்லை என்று எழுதிவிட்டாராம். ஆனால் வீடும் வயலும் கடனில்லாத பரம்பரையும் அவரின் மனுசிக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டதாம். “மகன் ஆரூரனுக்கு இடம் பாக்கிறம். பிள்ளையின்ரை சாதகத்தைத் தரேலுமோ?” என்றார். நான் ஓம் என்று சொல்ல வாயெடுக்க, வினோஜா போனைப் பறித்துவிட்டாள். “ஐயா, அப்பா சொன்னதிலை ஒண்டும் உண்மையில்லை. எங்களுக்கு வீடு இல்லை. எனக்குச் சம்பளம் இருக்கு, என்ரை பேரிலை விண்ணப்பிக்கிறன். கடனுக்குச் சாதகம் தேவையோ?” என்றாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. “தேவையில்லைப் பிள்ளை. புதன்கிழமை சம்பளத் துண்டோடை வாரும்” என்றார். ஆகவே ஆருக்கும் போன் எடுக்க வேண்டாம், எழுதவும் வேண்டாம். பக்கத்து வீட்டைச் சீதனமாக இல்லை, தனக்காகத்தான் வாங்கப் போகிறாளாம். எனக்கும் உமது அக்காவுக்கும் அதில் ஒரு அறை, வாடகை இல்லை. ஒரேயொரு நிபந்தனை: வீட்டுக்கு ஆர் வந்தாலும் அப்பா கதைக்கக்கூடாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். தலையை மட்டும் ஆட்டினேன்.