சிங்கப்பூர் சோப்பு

டப்பாவோடு சோப்பு கிணற்றில் விழுந்த சத்தத்தைவிட வீரணனின் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

வாடிப்பட்டிக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். கேசரி தின்ற கையைக் கழுவப் போய், கிணற்றுச் சுவரில் இருந்த எவர்சில்வர் டப்பாவை நெய்க் கையால் தொட்டான். அவ்வளவுதான்.

"போச்சு," என்றார் பின்னாலேயே வந்த தரகர் மொக்கைச்சாமி. "சிங்கப்பூர் சோப்பு. அதுக்கு ஏர்போர்ட்டுல கட்டின வரிக்கு ஒரு கிடாய்க்குட்டி வாங்கலாம். மாப்பிள்ளை வர்ற அன்னைக்கு மட்டும்தான் வெளியே வைப்பாக."

"விழுந்திருச்சுன்னு சொல்லிருவோமாண்ணே?"

"யாரு நம்புவா? முன்னாடி வந்த ரெண்டு பேரு கை கழுவிட்டுப் போனப்பவும் டப்பாவோட சோப்பைக் காணோம். களவாணிப் பயலுகன்னு விரட்டிட்டாரு விருமாண்டி. அதுல ஒருத்தன் அவரு கூடப்பொறந்த தங்கச்சி மகன். முறை மாப்பிள்ளைக்கே அந்தக் கதி."

கேசரித் தட்டை வைக்கும்போது பெண் ராக்கம்மாள் சிரித்த சிரிப்பு வீரணனின் கண்முன் வந்து போனது. அவசரமாக வாளியை விட்டுத் துழாவினான். நெய்க் கையிலிருந்து கயிறு நழுவி, வாளியும் போயிற்று. எட்டிப் பார்த்ததில் சட்டைப்பையிலிருந்த பேனாவும் போயிற்று.

"இனி நீ மட்டும்தான் பாக்கி," என்றார் மொக்கைச்சாமி.

செருப்புச் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா விருமாண்டி வந்து நின்று, வெறும் சுவரைப் பார்த்தார்.

"சோப்பு எங்க, மாப்ள?"

"சோப்பா? நாங்க பாக்கவே..." என்று ஆரம்பித்தார் தரகர்.

"கிணத்துக்குள்ள கிடக்கு மாமா," என்றான் வீரணன். "நான்தான் தட்டிவிட்டேன். வாளியும் உள்ள கிடக்கு. தேடிப் பாத்துருங்க. நான் களவாணி இல்லை."

விருமாண்டி மீசையை நீவினார்.

"ஒச்சாயி, பாதாளக்கரண்டியை எடுத்துட்டு வா."

அடுப்படியிலிருந்து அவருடைய தங்கை ஒச்சாயி கொக்கிகள் தொங்கும் பாதாளக்கரண்டியோடு வந்தாள். கோடைக் கிணற்றில் முழங்கால் தண்ணீர்தான். வாளியைக் கொக்கியில் மாட்டி, தரையோடு இழுத்துத் தூக்கினாள். வாளி நிறையச் சேறு. உள்ளே கையை விட்டதும் ஒரு டப்பா வந்தது. வீரணனுக்குப் போன உயிர் வந்தது.

"நெசத்தைச் சொல்லியிருக்கான்," என்று விருமாண்டி முதல் தடவையாகச் சிரித்தார். "இன்னைக்கே தட்டை மாத்திக்கிருவோம்."

ஒச்சாயி மறுபடி சேற்றுக்குள் கையை விட்டாள். இன்னொரு டப்பா வந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றையும் கழுவிச் சுவரில் வரிசையாக வைத்தாள்.

"இதுல எம்மகன் களவாண்டது எதுண்ணே?"