தங்கம் தின்ற வீக்கம்

எண்பத்தேழாம் வருஷக் கோடையில் இரும்புலியூரில் கன்னம் வீங்காத பிள்ளையே இல்லை. பொன்னுக்கு வீங்கி! நோயின் பெயரிலேயே பொன் இருக்கிறது. மந்திர வைத்தியம் பார்க்கும் சம்பத் சாமி சும்மா விடுவாரா? ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பந்தல் போட்டுவிட்டார். கூட்டம் பஸ்ஸையே மறித்தது.

வைத்தியம் எளிது. வீட்டுத் தங்கச் சங்கிலியைக் கொடுக்க வேண்டும். சாமி திரைக்குப் பின்னால் போய் மந்திரம் ஓதி, மஞ்சளை அப்பிக் கொண்டுவந்து பிள்ளையின் கழுத்தில் கட்டுவார். ஒரு வருஷம் கழுவக் கூடாது. கழுவினால் மறுபடி வீங்கும். பக்தர்களுக்குக் கட்டுப்பாடு, சாமிக்கு அவகாசம்!

துணி தைத்துப் பிழைக்கும் கனகவல்லி, தன்னிடமிருந்த ஒரே சங்கிலியை மகள் பேபிக்காகக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது. ஊரெல்லாம் சாமி புகழ் பாடினாள்.

எதிர்வீட்டு வேதசிரோமணி கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். அவர் மகளுக்கும் அதே வாரம் வீங்கி, அதே வாரம் வற்றியிருந்தது. கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை.

"அது எப்டி சார் தானா வத்திச்சு?" என்று கேட்டாள் கனகவல்லி.

"வைரஸ் நுழைஞ்சதும் நம்ம செல்லே அதோட ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிச்சிடும். இன்டர்ஃபெரான்னு ஒண்ணைச் சுரந்து பக்கத்து செல்லையெல்லாம் உஷார்படுத்தும். ஜுரம், வீக்கமெல்லாம் அந்தச் சண்டைதான். வைரஸ் ஒழிஞ்சதும் உடம்பே பிரேக் போட்டுச் சண்டையை நிறுத்திடும். நிறுத்தலேன்னா நம்ம காவல்காரனே நம்ம வீட்டைக் கொளுத்திடுவான்."

"அப்போ என் செயின் இன்னாதான் பண்ணிச்சு?"

"கழுவிப் பாருங்களேன்."

பேபிக்கு மறுபடி வீங்கிவிட்டால்? கனகவல்லி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். "சாமி எதிர்லயே கழுவுறேன் சார். வீங்கினா அவரே பாத்துக்கட்டும்."

பந்தலில் அத்தனை பேர் முன்னால் கழுவினாள். பேபியின் கன்னம் வீங்காமல் அப்படியே இருந்தது. கூட வந்திருந்த வேதசிரோமணி சங்கிலியை அரத்தால் லேசாக உரசி, கல்லூரியிலிருந்து கொண்டுவந்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டார். பச்சையாக நுரைத்தது. பித்தளை!

சாமி அசரவில்லை. "தங்கத்தை நோவு தின்னுடுச்சு தாயே. மிச்சம்தான் பித்தளை."

கூட்டம் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டது!

"சார் பொண்ணு செயினே போடல சாமி," என்றாள் கனகவல்லி. "அவ நோவு யார் வூட்டுத் தங்கத்த துன்னுச்சு?"

சாமியின் கண் திரைப்பக்கம் போய் வந்தது. அவள் ஒரே இழுப்பில் திரையைக் கிழித்தாள். பின்னால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஊர்ச் சங்கிலிகளெல்லாம் மின்னின. தன்னுடையதை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

போலீஸ் ஜீப் சாமியை ஏற்றிச் சென்றது. கூட்டத்தில் ஒருத்தி கவலையோடு கேட்டாள்: "என் புள்ளைக்கு இன்னும் வத்தலியே, வேற சாமி எங்க கீறாரு?"

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவுக்கு, உள்ளே வந்தவன் யாரென்று சோதித்துப் பார்க்கத் தெரிகிறது. அப்படிப்பட்ட உயிரணுக்களைக் கோடிக்கணக்கில் சுமந்து திரியும் மனிதர்களே, நீங்கள் எப்போது சோதிக்கப் போகிறீர்கள்?