ஆமத்தூரில் பூ வைக்காமல் திரும்பிய விவரம்

திருத்தங்கல்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சங்கரபாண்டியன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் நல்லசிவம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகன், உங்கள் மருமகன் அழகுராஜாவும் சுகம். உங்கள் தங்கை ராமுத்தாயின் சுகத்தைப் பற்றி இனிமேல்தான் எழுத வேண்டும். எம். புதுப்பட்டியில் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்கக் குலசாமி துணை. போனில் சொல்லியிருப்பேன். நான் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கிறதாம், அடுப்படியில் நிற்பவளுக்குக் கேட்காதா? அதனால்தான் கடிதம்.

விஷயம் என்னவென்றால், நீங்கள் பார்த்துச் சொன்ன ஆமத்தூர்ப் பெண் பாண்டிலட்சுமி நமக்கு ஒத்துவராது. பிள்ளை லட்சணம், குடும்பம் கௌரவம், அதில் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். படிப்புதான் உதைக்கிறது. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்றீர்கள். டாக்டரா என்றால் இல்லை, நர்ஸா என்றால் அதுவும் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று நோயாளியை விசாரித்து, தொட்டுப் பார்த்து, அவரிடம் விவரம் சொல்கிற வேலையாம். இப்போது விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் பயிற்சி. ஆஸ்பத்திரியில் எதைச் செய்தால் எனக்கென்ன மச்சான், பெண் பார்க்கப் போன இடத்திலுமா பயிற்சி?

ஞாயிற்றுக்கிழமை போனோம். கேசரி வந்தது, வடை வந்தது, பெண் வந்து கும்பிட்டது. அழகுராஜா பட்டாசுக் கம்பெனி, சீசன், லோடு எல்லாவற்றையும் மறந்து பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரி, பிடித்துவிட்டது என்று ராமுத்தாய் பூ வைக்க எழுந்தாள். பெண் நல்ல உயரம். மல்லிகைச் சரத்தோடு போன கை தோள் மட்டத்தில் அப்படியே நின்றுவிட்டது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. பெண்ணின் அம்மா முகம் செத்துப்போனது. அப்பாக்காரர், "பிடிக்கலைன்னா வாயால சொல்லலாம்ல?" என்று முனகினார். அந்தப் பிள்ளை மட்டும் நிதானமாக, "அத்தை, கை தூக்க வரலையா? எம்புட்டு நாளா?" என்று கேட்டது. மாமியாராகப் போகிறவளிடம் கேட்கிற முதல் கேள்வியா இது? இவளாவது மழுப்பியிருக்கலாம். "எட்டு மாசமாச்சு தாயி" என்றாள்.

அவ்வளவுதான், வீடு ஆஸ்பத்திரியாகிவிட்டது. தலை சீவ முடியுதா, முதுகு தேய்க்க முடியுதா, அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா என்று வரிசையாகக் கேள்வி. "சுகர் பாத்தீகளா?" என்றதும் பெண்ணின் அம்மா உங்கள் தங்கை முன்னாலிருந்த கேசரித் தட்டை அலுங்காமல் எடுத்துப் போனார், கூடவே என்னுடையதும் போயிற்று. பிறகு அந்தப் பிள்ளை இவள் கையைத் திருப்பிப் பார்த்து, "தோள் இறுகிப்போயிருக்கு அத்தை. சரியாயிரும், ஆனா மாசக்கணக்காகும்" என்று சொல்லி, சுவரைப் பார்த்து நிற்க வைத்து, விரல்களால் மேலே ஏறச் சொன்னது. பட்டுச்சேலையோடு உங்கள் தங்கை பல்லி மாதிரிச் சுவரில் விரல் ஏற்றுகிறாள், மாப்பிள்ளையின் அப்பா என்று நான் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன்? கடைசியில், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாரீகளா அத்தை? எங்க சார்கிட்ட நான் ஒரு கேஸ் சொல்லணும்" என்றதே பார்க்கலாம். கேஸாம்! ராகுகாலம் வந்துவிட்டது என்று சொல்லி எல்லாரையும் கிளப்பினேன். பூ மேசையிலேயே கிடந்தது. பூ வைக்காததால் நாம் வாக்குக் கொடுத்ததாக ஆகாது என்பது என் எண்ணம்.

உள்ளதைச் சொல்கிறேன். எட்டு மாதமாக இவள் பக்கத்து வீட்டில் போய்த் தலை பின்னிக்கொண்டாளாம். மேல்தட்டுப் புளிப்பானை கீழே இறங்கியதைப் பார்த்தேன், எலிக்குப் பயந்து இறக்கினாள் என்றல்லவா நினைத்தேன்! என்னிடம் சொல்லாததை யாரோ ஒரு பிள்ளையிடம் அரை மணி நேரத்தில் சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்றது மச்சான். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் தினம் ஒன்று கண்டுபிடிக்கும், எனக்குத் தாங்காது. நீங்களே பக்குவமாகப் பேசி முடித்துவிடுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு நோய் நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நல்லசிவம்.

பின்குறிப்பு: அண்ணே, நான் ராமுத்தாய் எழுதுறேன். கவர் ஒட்ட இவுக ரெண்டு சோத்துப் பருக்கை கேட்டாக. என்னடா ரகசியம்னு, நானே ஒட்டித் தாரேன்னு வாங்கி வாசிச்சுட்டேன். கோயிலுக்குன்னு சொல்லிட்டு திங்கக்கிழமையே அழகுராஜா வண்டியில விருதுநகர் போய்ட்டு வந்தாச்சு. பெரிய டாக்டரும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் சுத்தி நிக்க, நம்ம பிள்ளை என்னையப் பத்திக் கடகடன்னு சொல்லுச்சு. "இவ்வளவு நாள் வீட்டுல ஏன் சொல்லலைன்னு விசாரிச்சியாம்மா?"ன்னாரு டாக்டரு. "யாரும் கேக்கலையாம் சார்"ன்னா. எனக்குப் பொலபொலன்னு கண்ணீர் வந்துருச்சு அண்ணே. கை இன்னும் தூக்க வரல. அதனால, அங்கன கிடந்த ஸ்டூல்ல அவளை உக்கார வச்சு, கையோட கொண்டுபோன பூவை வச்சுட்டேன். டாக்டரு கைதட்டினாரு. நிச்சயத்துக்கு நீங்க நாள் பாருங்க. இவுககிட்ட மட்டும் நீங்களே வந்து பதமாச் சொல்லிருங்க.