புஷ்சேருக்குப் பெயர்க்காரணம் சொன்ன நாள்

"…அதில்ல தம்பி, இந்த வண்டி நடக்கத் தெரியாத பிள்ளைக்கா, தூக்கத் தெரியாத மாமனுக்கா?" என்று குற்றாலத்துப் பழக்கடை அக்கா கேட்டபோது, சிரித்துவிட்டு நான் நகர்ந்திருக்கலாம்.

தங்கை ஷமீமா அருவியில் குளிக்கப் போயிருந்தாள். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த புஷ்சேரில் அவள் மகன் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, வண்டியில இருந்து கைய மட்டும் எடுத்துராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். (எடுக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் சுத்தம்.)

"புஷ்னா தள்ளு, சேர்னா நாற்காலி. ரெண்டையும் ஒட்டவச்சு வெள்ளக்காரன் ஒரே பேராக்கிட்டான்" என்று ஆரம்பித்தேன். "அதுக்கு முந்தி பெராம்புலேட்டர்னு வாய் வலிக்கச் சொல்லிட்டுக் கெடந்தான். லத்தீன்ல, சுத்தி நடக்கிறதுன்னு அர்த்தம். பொறவு அதையே பிராம்னு சுருக்கிட்டான். அது படுத்துட்டு வார பிள்ளைக்கு. உக்காந்து வார பிள்ளைக்குத்தான் இது."

யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, போனில் தோண்டித் தோண்டி நானே படித்தது. அதனால் பெருமை கொஞ்சம் கூடுதல். பக்கத்தில் மக்காச்சோளம் சுடுகிறவர்கூட விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

எங்கள் பக்கம் பிள்ளையைக் கண்டால் யாரும் கேட்டுக்கொண்டு தூக்குவதில்லை. கேட்டால்தான் தப்பாக நினைப்பார்கள். நான் லத்தீனில் இருந்த நேரத்தில் அக்கா வண்டியின் பெல்ட்டைக் கழற்றி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் வாங்கிய மங்குஸ்தான் பையை அவன் இடத்தில் வைத்துவிட்டார். சாரல் விழுந்தது. சீட்டைத் திரும்பிக்கூடப் பாராமல் துண்டை இழுத்து மூடி, தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஈரத்தலையோடு ஷமீமா எதிரே வந்தாள்.

"பிள்ளை என்னண்ணே செய்தான்?"

"தூங்குதான். சத்தம் போடாத."

துண்டை விலக்கினாள்.

"அண்ணே, இது மங்குஸ்தான்."

(இன்றும் வீட்டில் எந்தச் சொல்லுக்காவது நான் பொருள் சொல்ல வாயெடுத்தால், "மொதல்ல பிள்ளைய எண்ணிக்கிடுங்க" என்கிறார்கள்.)

அவள் முன்னால் ஓட, மங்குஸ்தான் வண்டியும் நானும் பின்னால் ஓடினோம். மாமனென்று அவன் சுன்னத்து விருந்துக்குக்கூட இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று தோன்றியது.

பிள்ளை பழக்கடை அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து, தாடையில் சாறு வழிய ரம்புட்டானைச் சப்பிக்கொண்டிருந்தான். நான் கையை நீட்டினேன். அக்கா என்னைத் தாண்டி ஷமீமாவிடம் கொடுத்தார்.

"இவ்வளவு சாமானோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்பிடிம்மா போவே? நான் கொண்டாந்து விடுதேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இங்கன நின்னு கடையப் பாத்துக்கிடுங்க. பழம் தொலைஞ்சா திரும்பக் காய்க்கும்."

சொல்லிவிட்டு என் கையிலிருந்து வண்டியை வாங்கி, அவரே தள்ளிக்கொண்டு போனார்.