கக்கூஸ் பக்கத்து நல்ல காற்று

திருப்பூரிலேயே மூக்கிடம் முழு ஷிப்ட் வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மூக்கு மாஸ்டர்தான். நமக்கெல்லாம் மூக்கு என்பது கண்ணாடி மாட்டவும் ஜலதோஷம் பிடிக்கவும் இருக்கிற சாமான். அவருக்கு அது உத்தியோகம்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத நாட்களில், ஒரு பனியன் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். அவர் கட்டிங் மாஸ்டர், பொங்கலூர்க்காரர். காலையில் வந்ததும் ஹாலை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு மார்க் போடுவார்.

"ஓவர்லாக் மிஷின் பக்கம் பஞ்சுத் தூசி, நாப்பது மார்க்குங்க. ஜெனரேட்டர் ஜன்னல் ஃபெயிலு. கக்கூஸ் பக்கம் தொண்ணூறு!"

"கக்கூஸ் பக்கமா மாஸ்டர்?"

"நாத்தம் மூக்கோட போயிருமுங் தம்பி. டீசல் பொகை நெஞ்சுக்குள்ள போயி ஊடு கட்டிக் குடியிருக்குமுங்க."

ஜெனரேட்டர் கீழே சந்தில் இருந்தது. கரண்ட் போனால் அதன் புகை நேராக ஏறி, பீஸில் ஓட்டை பார்க்கும் செக்கிங் பெண்களின் ஜன்னலுக்குள் நுழையும். குழாயை மேலே நீட்டச் சொல்லி மாஸ்டர் வாராவாரம் கேட்பார். "இந்த ஷிப்மென்ட் போகட்டுங்க மாஸ்டர்" என்பார் முதலாளி. அது போகும், அடுத்தது வந்து நிற்கும்.

ஒரு நாள் மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து, கக்கூஸ் பக்கம் தரையில் ஒரு பெரிய கட்டம் போட்டார். டேபிள் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரையும் பொகை ஒரே மாதிரி புடிக்காதுங்க. வீசிங் இருக்கறவங்க, நெஞ்சு வலிக்காரங்க, அறுபது தாண்டுனவங்க, மாசமா இருக்கறவங்க, எல்லாம் இந்தக் கட்டத்துக்கு வந்துருங்க! கை தூக்குங்க பாக்கலாம்!"

அட கடவுளே, ஒரு கை எழவில்லை. தலைக்கு மை அடித்து ஐம்பத்திரண்டிலேயே நின்றுவிட்ட டெய்லர் ஒருவர், வாலிபன் மாதிரி மிஷினை விரட்டினார். நாள் முழுக்க இருமுகிற ஒருத்தர் அந்த ஐந்து நிமிடம் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டார். யார் தூக்குவார்கள்? முந்தின வருஷம் மாசமாக இருந்த ஒரு பெண்ணை, "பிரசவம் முடிஞ்சு வாம்மா" என்று முதலாளி அன்போடு அனுப்பிவைத்தார். முடிந்து வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். எங்கள் கம்பெனியில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்த ரகசியம் அதுதான்.

ஜெனரேட்டர் ஜன்னலோரம் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். புருஷனும் அவளும் சேர்ந்து உழைத்தால்தான் வாடகையும் சோறும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவதை மாஸ்டர் மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் என் காதில், "மூணு மாசமிருக்குமுங் தம்பி" என்றார்.

மாஸ்டருக்கு ஓட்டை வாய். சாயங்காலத்துக்குள் முதலாளி வரை போய்விடும், இவள் பிழைப்பு போச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் மாஸ்டர் மூன்று டீ சர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஹால் நடுவில் வந்து நின்றார்.

"ஏம்மிணி, இது என்ன செக்கிங்? இத்தாப் பெரிய ஓட்டை கண்ணுக்குத் தெரியலையா? பொட்டியத் தூக்கிட்டு கக்கூஸ் பக்கம் போயி உக்காரு! அப்பத்தான் புத்தி வரும்!"

"நான் பாத்துதானே அண்ணாச்சி வெச்சேன்..." செல்வி பொலபொலவென்று அழுதாள். முதலாளி பூரித்துப் போனார். "கண்டிப்புன்னா இதுதானுங்க!"

ஓட்டையை நான் பார்த்தேன். கத்தரிக்கோல் வேலை, அதுவும் சுத்தமான வேலை. முப்பது வருஷமாக ஒரு பீஸைக்கூட வீணாக்காத மனிதர், வேண்டுமென்றே மூன்றை வெட்டியிருந்தார்.

செல்வி இரண்டு நாள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஜெனரேட்டர் ஓடியது, அவள் ஓடவில்லை. தலையைத் தூக்கி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் அவசரமாக இன்னொரு திட்டு திட்டினார்.

காலியான ஜன்னலோர டேபிளுக்கு ஆள் வேண்டுமே? கட்டிங் முடித்ததும் மாஸ்டரே போய் உட்கார்ந்தார். "எனக்கென்னுங்க, நானு இரும்பு!" ஒரு வாரம் கழித்து, அந்த இரும்பு மாடிப்படிக்குக் கீழே குனிந்து நின்று மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தேன். கையில் வீசிங்காரர்கள் வாயில் அடிக்கிற பம்ப்.

"மாஸ்டர்! அன்னைக்கு நீங்க ஏன் கை தூக்கலை?"

"மூச்சு வாங்கற மாஸ்டர எவனுங் தம்பி வேலைக்கு வெச்சுக்குவான்? வெளிய சொல்லீராதீங்க."

நான் சொல்லவில்லை. அதற்கு மேல் நானும் ஒன்றும் செய்யவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஏழாம் மாசம் வரை செல்வி கக்கூஸ் பக்கத்திலேயே திட்டு வாங்கிக்கொண்டு சம்பளம் வாங்கினாள். அப்புறம் அவளாகவே நின்றுகொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. ஷிப்ட் முடிந்து நாங்கள் இருவரும் நேராக அவள் வீட்டுக்குப் போனோம். நான் உள்ளே போய்விட்டேன். மாஸ்டர் தெருவிலேயே நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"வேண்டாங் கண்ணு. சட்டையெல்லாம் தூசி. பச்சப் புள்ளைக்கு ஆகாது. அங்கிருந்தே காட்டு."

செல்வி குழந்தையை வாசல் வரை தூக்கி வந்து காட்டினாள். அவர் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று, இருமல் வந்தபோது முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, மறுபடி மறுபடி எட்டிப் பார்த்துச் சிரித்தார். என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட நான் அப்படி நின்றதில்லை.