விரல் காட்டி வீடு பிடிச்ச கதை

"புது வீட்டுக் கூரை பாக்கத்தான் டெல்மரக் கூட்டிட்டு வரேன். வேற எதுக்கு?"ன்னான் க்ளோவிஸ்.

ரோவீனா காபிக் கோப்பையக் கீழ வெச்சா. "டெல்மருக்குக் கூரையப் பத்தி என்ன தெரியும்? போன மார்ச் மாசக் காத்துல அவன் வீட்டுக் கூரை பறந்து போய் அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டு மேல உக்காந்துச்சு."

"அதத்தான் சொல்றேன். பட்டவன். எது பறக்கும், எது பறக்காதுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

"சரி, வந்துட்டுப் போகட்டும்."

"அது மட்டுமில்ல ரோவி. நீயும் நானும் பேசினா சண்டைதான் மிஞ்சுது. மூணாவது மனுஷன் ஒருத்தன் சொல்லட்டும். எது நல்ல வீடுன்னு டெல்மர் சொல்றானோ அதுதான் வீடு. அதுக்கு மேல பேச்சே கிடையாது."

"உனக்கும் கிடையாதா?"

"எனக்கும்தான்."

"நல்ல யோசனை"ன்னு சொல்லிட்டு அவ கோப்பையக் கழுவப் போயிட்டா.

க்ளோவிஸுக்கு லேசா ஒரு உறுத்தல். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவன் சொன்ன எதையும் ரோவீனா முதல் வாட்டியே நல்ல யோசனைன்னு சொன்னதில்ல. அவன் பொண்ணு கேட்டப்பவே "யோசிச்சு சொல்றேன்"னுட்டு ஊருக்குப் போய் பீச் பழம் பறிச்சிட்டு வந்தவ. ஆனா ஜெயிக்கப் போற மனுஷனுக்கு உறுத்தலெல்லாம் ரொம்ப நேரம் நிக்காது.

விஷயம் இதுதான். அமெரிக்காவுல பாட்டுக்குப் பேர் போன நாஷ்வில்ல அவங்க குடியிருந்த கட்டடத்த இடிச்சு ஓட்டல் கட்டப் போறாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். அந்த ஊர்ல இப்ப ரெண்டே வகை கட்டடம்தான். ஒண்ணு ஓட்டல், இன்னொண்ணு ஓட்டலாகப் போறது. மிச்சமிருந்ததுல தேடித் தேடி ரெண்டு வீடு சிக்குச்சு. புருஷனுக்கு ஒண்ணு பிடிச்சுது, பொண்டாட்டிக்கு மத்தது பிடிச்சுது. குடும்பம்னா அப்படித்தானே.

க்ளோவிஸ் வாசிக்கிறது பெடல் ஸ்டீல் கிட்டார். பேருதான் கிட்டார். பாத்தா இஸ்திரி மேசைக்கு அடியில மிதிகட்டை வெச்ச மாதிரி இருக்கும். உக்காந்துதான் வாசிக்கணும். காதலி விட்டுட்டுப் போன பாட்டுல பாடுறவன் அழலைன்னாலும் இது அழும். பெட்டியில போட்டுத் தூக்கினா தூக்குறவனும் அழுவான். அதனால அவனுக்குப் பிடிச்சது பிராட்வேங்கிற கடைத்தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, பூட்ஸ் கடைக்கு மேல இருந்த மாடி வீடு. பார்கள்லாம் அங்கதான். சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வரும். ஸ்டீல் வாசிக்கிறவனுக்குப் பல்வலி, ஆறு மணிக்கு ஆள் வேணும்பாங்க. அப்ப யார் பக்கத்துல இருக்கானோ அவனுக்குத்தான் மேடை. நல்லா வாசிக்கிறவன் ஊருக்கு நூறு பேர் இருக்கான். நடந்து வர்ற தூரத்துல இருக்கிறவன்தான் கம்மி. தூரமாப் போனா பொழப்பு போச்சுன்னு அவன் நெசமாவே பயந்தான்.

ரோவீனாவுக்கு வேற பயம். பார் மூடினதும் வாசிக்கிறவன் அத்தனை பேரும் யார் வீடு பக்கமோ அங்கதான் வந்து விழுவான். இப்ப இருக்கிற வீட்டுலயே அப்படித்தான். காலையில எழுந்து வந்தா சோபாவுல ஒரு டிரம்மர், தரையில ஒரு ஃபிடில்காரன், குளிக்கிற தொட்டியில யாருன்னே தெரியாத ஒரு தாடி. "நான் கட்டிக்கிட்டது ஒருத்தன. சமைச்சுப் போடுறது ஒரு பட்டாளத்துக்கு"ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிட்டா. அதனால அவ பாத்து வெச்சது மலைக்கு நடுவுல ஸ்வீட்கம் பள்ளத்துல இருந்த வீடு. ஊர்லேர்ந்து ஒரு மணி நேர வண்டி. அந்தப் பள்ளத்துக்கு வழி கேட்டா, வழி சொல்றவனே பாதியில குழம்பிடுவான்.

டெல்மர் க்ளோவிஸோட கூட்டாளி. பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். நல்ல மனசு. அந்த மனசுக்குள்ள ஒரு நேரத்துல ஒரு விஷயம்தான் இருக்கும். வீடு பாக்கப் போற அன்னைக்குக் காலையில அவனுக்குக் காரக் கோழி வாங்கிக் குடுத்து, க்ளோவிஸ் திட்டத்தச் சொன்னான்.

"மாப்ள, நம்ம விரல் கணக்குதான். மேடையில எப்படியோ அப்படி."

அந்த ஊர்ல அது எல்லாருக்கும் தெரிஞ்ச பழக்கம். தெரியாத பாட்ட வாசிக்கணும்னா, முன்னாடி நின்னு பாடுறவர் கைய முதுகுக்குப் பின்னாடி கொண்டு போய் விரல் காட்டுவார். ஒரு விரல்னா இந்தச் சுரக்கட்டு, நாலுன்னா அந்தச் சுரக்கட்டு. கைய மூடிட்டா நிறுத்து. பின்னாடி நிக்கிறவங்க பாட்டக் கேக்க வேண்டாம். கையப் பாத்தாப் போதும்.

"ஒரு விரல் காட்டினா வீட்டப் புகழு. நாலு காட்டினா குத்தம் சொல்லு. கைய மூடினா வாய மூடு. விளங்குதா?"

"இதுல விளங்க என்ன இருக்கு? இருபது வருஷமா இதானே பொழப்பு"ன்னு டெல்மர் எலும்பக் கடிச்சான்.

முதல்ல பூட்ஸ் கடை மாடி. கடைக்காரர் கதவத் திறந்து விட்டார். ரோவீனா கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு முன்னால நடந்தா. பின்னால டெல்மர். க்ளோவிஸ் நேரா ஜன்னல் பக்கம் போய், அவங்க ரெண்டு பேரையும் பாத்து நின்னு, இடுப்புக்கிட்ட ஒரு விரல நீட்டினான்.

டெல்மர் தொண்டையச் செருமினான். "படி ரொம்ப செங்குத்து. இதுல ஸ்டீல் பெட்டியத் தூக்கிட்டு ஏறினா ஒருநாள் பெட்டி மட்டும்தான் மேல வரும்."

க்ளோவிஸ் விரல இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"தரை அமுங்குது. ராத்திரி தூங்கினவன் காலையில கடையில எழுந்திரிப்பான். பூட்ஸோட பூட்ஸா அவனுக்கும் விலை ஒட்டி வித்தாலும் வித்துடுவாங்க."

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க?"ன்னார் கடைக்காரர்.

"தோல் வாசனை வேற. குடும்பம் நடத்துற இடமாய்யா இது? மாட்டுக்கே மூக்க அடைக்கும்."

க்ளோவிஸ் விரல மூக்கு நேரா தூக்கினான். சாமி மேல இருக்காருன்னு காட்டுற மாதிரி இருந்துச்சு. கடைக்காரரும் பயந்து மேல பாத்தார். அங்க ஈரக்கறை ஒண்ணு இருந்துச்சு. டெல்மர் அதையும் விடல.

கீழ வந்ததும் ரோவீனா வண்டியில ஏறிட்டா. க்ளோவிஸ் டெல்மர சுவரோரமா இழுத்தான். "டேய், ஒரு விரல்தானடா காட்டினேன்?"

"நாலு."

"ஒண்ணு."

"மாப்ள, குடிச்சிருந்தாக்கூட எனக்கு விரல் கணக்கு தப்பினதில்ல. இன்னைக்கு வெறும் கோழிதான் சாப்பிட்டிருக்கேன். தெளிவா நாலு."

க்ளோவிஸ் தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தான். சொந்தக் கை மேல சந்தேகப்பட்ட மனுஷன் உலகத்துல அவன் ஒருத்தனாத்தான் இருப்பான். சரி, போனது போகட்டும். அடுத்த வீட்ட இதவிட மோசமா ஆக்கிட்டாப் போதும்னு மனசத் தேத்திக்கிட்டான்.

ஸ்வீட்கம் பள்ளத்துக்குள்ள நுழைஞ்சதும் போன்ல சிக்னல் போச்சு. க்ளோவிஸ் போன ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் பாத்தான். நாலு மணிப் போன் இங்க எங்கேர்ந்து வரும்? வீட்டுக்காரம்மா மிஸஸ் பெட்டஸ் வாசல்லயே நின்னாங்க. வீடு பழசு. வாசல்ல ஊஞ்சல் பலகை. உத்தரத்துல சட்டி கணக்கா ஒரு குளவிக்கூடு. குளவிக்கூட்டப் பாத்ததும் க்ளோவிஸுக்கு உசிரு வந்துச்சு. இனி டெல்மர் வாயத் திறந்தாப் போதும்.

ரோவீனா வாசல்ல நின்னு, கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, அண்ணாந்து கூரையப் பாத்தா. டெல்மர் அவளுக்குப் பின்னாடி. க்ளோவிஸ் எதிர்ல போய் நின்னு, இந்தத் தடவை சந்தேகமே வேண்டாம்னு, ரெண்டு கையிலயும் நாலு நாலு விரலத் தூக்கிக் காட்டினான்.

"உங்க வீட்டுக்காரர் என்னம்மா பண்றார்?"ன்னு மிஸஸ் பெட்டஸ் கேட்டாங்க.

"சோம்பல் முறிக்கிறார்"ன்னா ரோவீனா.

டெல்மர் ஆரம்பிச்சான். "கூரைன்னா இது கூரை. புயல் வந்தாலும் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்."

க்ளோவிஸ் கைய ஆட்டினான்.

"மரமெல்லாம் வைரம் பாஞ்சது. கதவு சாத்துற சத்தம் கேட்டீங்களா? சுதி சேந்திருக்கு."

"அந்தக் குளவிக்கூடுடா"ன்னு க்ளோவிஸ் பல்லக் கடிச்சான்.

"குளவிக்கூடா? அது நல்ல அறிகுறி. குளவி சும்மா ஒரு வீட்டுல தங்காது. பத்து வீடு பாத்துட்டுத்தான் கூடு கட்டும்."

"இவர் எங்கம்மா கிடைச்சார்? என் வீட்டப் பத்தி எனக்கே இவ்வளவு தெரியாது"ன்னாங்க மிஸஸ் பெட்டஸ்.

க்ளோவிஸால தாங்க முடியல. சுத்திக்கிட்டு டெல்மர் பக்கத்துல போய் நின்னான். அவன் காலை மிதிக்கலாம்னுதான் போனான். அங்க நின்னு முன்னால பாத்தப்பதான், டெல்மர் என்னத்தப் பாத்துட்டு இருக்கான்னு அவனுக்கும் தெரிஞ்சுது.

ரோவீனா முதுகு. முதுகுக்குப் பின்னாடி கை. கையில ஒரு விரல்.

அச்சு அசல் மேடையில பாடுறவர் நிக்கிற மாதிரியே நின்னா. பத்து வருஷமா பார்ல மேடை ஓரத்து மேசையில உக்காந்து பாத்துட்டிருந்தவளாச்சே. அவ பாட்டத்தான் கேக்குறான்னு இவன் நினைச்சிருந்தான். வண்டியில வர்றப்ப டெல்மர் "ஒண்ணுன்னா புகழு, நாலுன்னா குத்தம்"னு முணுமுணுத்துட்டே வந்ததும் அவ காதுல விழுந்திருக்கும்.

"டேய், அது அவ கைடா."

"யார் கையா இருந்தா என்ன? முன்னாடி நிக்கிறவங்க கையத்தான் பாக்கணும். நீ எதிர்ல நின்னு ஆட்டினா நான் என்ன பண்றது? எதிர்ல நிக்கிறவன் கையப் பாத்து வாசிச்சா மேடையில உதைப்பாங்க"ன்னு டெல்மர் முணுமுணுத்துட்டு, மறுபடி குரல உசத்தினான். "அப்புறம் இந்த வீட்டுக் கிணத்துத் தண்ணி இருக்கே, அது"

ரோவீனா கைய மூடினா.

டெல்மர் வாய மூடினான். தண்ணி எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

"அப்ப எப்ப குடி வரீங்க?"ன்னாங்க மிஸஸ் பெட்டஸ்.

ரோவீனா திரும்பி, புருஷன ரொம்ப மரியாதையாப் பாத்தா. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இவருதான் டெல்மர் சொன்னா சொன்னதுதான்னார். நானாவது ஒரு வார்த்தை சொல்லிருப்பேன். அதுக்கு மேல பேச்சே கிடையாதுன்னுட்டார்."

க்ளோவிஸுக்குச் சொல்ல நிறைய இருந்துச்சு. சொல்லணும்னா, தான் காட்டின விரலப் பத்தி முதல்ல சொல்லணும். அதனால குளவிக்கூட்டையே பாத்துட்டு நின்னான்.

குடி வந்தாச்சு. சோபா காலியா இருந்துச்சு. ரோவீனா அதுல சும்மாவே படுத்துப் பாப்பா. டெல்மர் ஒருநாள் அவங்களத் தேடிட்டுக் கிளம்பி, வழி தப்பி பக்கத்து மாநிலம் கெண்டக்கிக்குப் போய்ச் சேந்தான். க்ளோவிஸ் மட்டும் சாயங்காலமானா ஊஞ்சல் பலகையில உக்காந்து போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டிருப்பான்.

"ஒரு மாசமா ஒரு போன் இல்ல ரோவி. என்னை மறந்தே போயிருப்பாங்க. இங்க என்னைக் கூப்பிடணும்னா ஒருத்தன் வேலியில நின்னு கத்தணும்."

"க்ளோவிஸ்"ன்னு வேலிப் பக்கத்துலேர்ந்து ஒரு சத்தம்.

பாத்தா ஹார்லன். பிராட்வேல மூணு பாருக்கு ஆள் பிடிச்சு விடுறவர். அவர் வீடு எங்கன்னு ஊர்ல ஒரு பயலுக்குத் தெரியாது. தெரிஞ்சா வாசல்ல கிட்டாரோட வரிசை நிக்கும். போன்ல மட்டும் பேசுற மனுஷன், இங்க பனியனோட நின்னார்.

"நீங்க இங்க எப்படி?"ன்னான் க்ளோவிஸ்.

"நான் எங்க போறது? இந்தப் பக்கத்து வீடு என்னுது. தூரமா வேலைக்குப் போயிருந்தேன், இன்னைக்குத்தான் வந்தேன். கிளம்பு, ஏழு மணிக்கு மேடை. இனி வாரத்துல நாலு நாள் நீதான்."

"நான் இங்க இருக்கேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"சொல்றதென்ன? இந்த வீடு காலியா இருக்குன்னு உன் சம்சாரத்துக்கிட்ட சொன்னதே நான்தான். அவங்க வேலை பாக்குற நாய் ஆஸ்பத்திரிக்கு என் நாய்க்கு ஊசி போடப் போனப்ப பேசி முடிச்சோம். அது கிறிஸ்துமஸ் சமயம்."

க்ளோவிஸ் விரல விட்டு எண்ணிப் பாத்தான். கிறிஸ்துமஸ் சமயம் கட்டடத்த இடிக்கிற பேச்சே வரல.

"என் விலாசத்த எவன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னேன். அவங்களும் அவங்க விலாசத்தப் பத்தி அதையேதான் சொன்னாங்க"ன்னுட்டு ஹார்லன் வண்டியக் கிளப்பப் போனார்.

க்ளோவிஸ் திரும்பினான். ரோவீனா துணி காயப்போட்டுட்டிருந்தா.

"ரோவி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே?"

"சொல்லிருந்தா நீ வேண்டாம்னிருப்ப. அப்புறம் உனக்குப் பிடிக்க வெக்க எனக்கு ரெண்டு மாசம் ஆகியிருக்கும். பேசிட்டே நிக்காத, அவர் ஹாரன் அடிக்கிறார்."

"ஸ்டீல் பெட்டிய எடுத்துட்டு வரேன், இருக்கச் சொல்லு."

"பெட்டி, சட்டை, தொப்பி, ராத்திரிக்கு ரொட்டி எல்லாம் மத்தியானமே அவர் வண்டியில ஏத்தியாச்சு"ன்னு சொல்லிட்டு ரோவீனா அடுத்த துணிய உதறினா. "இன்னும் ஒரே ஒரு சாமான்தான் ஏறணும்."

ஹாரன் மறுபடி அடிச்சுது. க்ளோவிஸ் போய் ஏறினான்.